கால்நடை

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில்
இழப்பீட்டுப் படிவம் நிரப்புவது என் வேலை.
நிரல் ஒன்று பொருள். இரண்டு எண்ணிக்கை.
மூன்று பெறுமதி, ரூபாயில்.
நான்காவது 'அலுவலகத் தேவைக்கு மட்டும்'.
அதில் யாரும் எதுவும் எழுதிப் பார்த்ததில்லை.

வேதவனம் தவமணிதேவி, அம்பகாமம்.
தையல் மெசின் ஒன்று. லுமாலா சைக்கிள் ஒன்று.
ஓடு ஆயிரத்து இருநூறு.
"மாடு?"
"நாலு."
விதானையாரின் கடிதத்தில் மூன்று என்றிருந்தது.
"மூண்டு உயிர் மாடு. ஒண்டு குசினிச் சுவரிலை.
அவர் அடுப்புக்கரியாலை கீறினது."

பேனையை வைத்தேன்.
வரிசையில் இன்னும் நாற்பது பேர்.
மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றியது.

"அம்மா, சுவர் கட்டடத்துக்குள்ளை வரும்."
"சுவருக்கு நான் கேக்கேல்லைத் தம்பி."
"தளபாடம் எண்டு போடட்டே?"
"அதிலை ஆர் இருக்கிறது?"
"சரி, என்ன மாதிரி மாடு?"
யன்னல் பக்கம் திரும்பினார்.
"அஞ்சு கால். ரெண்டு தரம் சுவர் மெழுகினனான்,
ரெண்டு தரமும் அதைச் சுத்தி."

நான் கலைப்பீடத்தில் நாலு வருடம் இருந்தவன்.
மெய்யியலுக்குப் பக்கத்தில் வரலாறு.
புவியியலுக்கு வரைபடங்கள் தொங்கும் பெரிய மண்டபம்.
மனிதப் பண்பியல் என்று பெயர்ப்பலகை போட்ட
அந்த நீளக் கட்டடத்தின் கடைசியில்,
மலசலகூடத்துக்கு முதல் அறை, நுண்கலை.
மழை வந்தால் அங்கேதான் முதலில் ஒழுகும்.
'கலை என்பது யாது?'
இருபது புள்ளிக்குப் பதினாறு எடுத்தேன்.
போலச்செய்தல் என்றேன், வெளிப்பாடு என்றேன்,
வடிவம் பற்றி ஒரு பக்கம்.
விடைத்தாள் முழுக்கத் தேடினாலும்
ஒரு மாடு அகப்படாது.

"ஏனம்மா அஞ்சு?"
"நானும் கேட்டனான், பிழையாக் கீறிப்போட்டியள் எண்டு.
நிக்கிற மாட்டுக்கு நாலு காணுமாம்.
இது துருசடிக்குப் போகுதாம்.
நடக்கிற காலை எங்கை கீறுறது எண்டு
என்னைத் திருப்பிக் கேட்டார்."
கொஞ்சம் பொறுத்து,
"அவருக்கு வேறை படிவம். அது போன கிழமை குடுத்தாச்சு."

வரலாறு மூன்று என்று எழுதிக் கையொப்பம் கேட்கும்.
புவியியல் குசினி எங்கே என்று கேட்கும்:
பாலைமரத்துக்கு மேற்கே,
இப்போது பாலையும் இல்லை.
மெய்யியல் இன்னும் யோசிக்கிறது.
இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை,
இவற்றால்தான் எனக்குச் சம்பளம்.
ஆனால் நடக்கிற கால் எங்கே என்று
அந்த அறைகளில் ஒருவரும் கேட்டதாக
நினைவில் இல்லை. ஒழுகும் அறையில்
கேட்டிருப்பார்கள். நான் அந்தப் பக்கம்
அதிகம் போகவில்லை.

கால்நடை: நான்கு என்று எழுதினேன்.
பெறுமதி மூன்றுக்கு மட்டும்.
ஒருவரும் எழுதாத நிரலில்
'ஒன்று நடந்துகொண்டிருக்கிறது' என்றேன்.
எழுத்துப் பிசகவில்லை, கை மட்டும் வியர்த்தது.

இரண்டு மாதத்தில் முல்லைத்தீவிலிருந்து திரும்பியது.
நான்கின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு,
என் வாக்கியத்தின் மேல் இன்னொன்று,
அடிமட்டம் வைத்துக் கீறியது.
படத்துக்கும் கோட்டுக்கும் எங்கள் பக்கத்தில்
ஒரே வினைச்சொல்.
காசு வங்கிக்குப் போனது.
அவர் பிறகு வரவில்லை.

நேற்று மாங்குளம் வீதியை ஒரு பட்டி கடந்தது.
மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுக்
கால்களை எண்ணினேன்.
நடுவீதியில் நின்று என்னைப் பார்த்த ஒன்றுக்கு
நாலு சரியாக வந்தது.
மற்றவற்றுக்கு,
பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கும்வரை,
கணக்கு ஒத்துவரவில்லை.