ஒற்றை ரூபாய்

தாராவி, தொண்ணூறடி ரோட்டில் மாடிமேல் மண்டபம்.
கீழே தோல்பைக் கடை, மேலே நாதஸ்வரம்.
படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு மேசை போட்டு
மொய் எழுத என்னை உட்கார வைத்தார்கள்.
"பேங்க்ல வேலை பாக்குற பிள்ளை,
கணக்குத் தப்பாது."

புது நோட்டு. நாலு மூலையிலும் மஞ்சள்.
பிள்ளையார் சுழிக்குக் கீழே
எனக்கு முன்பே யாரோ எழுதியிருந்த ஒரே சொல்:
லாபம்.
அப்புறம் கோடு போட்ட மூன்று கட்டங்கள்,
ஊர், பெயர், தொகை.

ஊர்தான் முதலில்.
நாங்குநேரி என்றார்கள், சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்.
திசையன்விளை என்றான் ஒரு பையன்;
அவன் அதைப் பார்த்தது செல்போன் வரைபடத்தில்.
பெண்ணின் அப்பாவோடு தையல் மிஷின் ஓட்டுகிற
ராம்பிரவேஷ் மண்டல் கவரை நீட்டிவிட்டு
இந்தியில் கேட்டார், ஊர் எதற்கு?
திருப்பிச் செய்ய வேண்டுமே என்றேன்.
"தர்பங்காவுக்கா வருவீங்க?"
சிரித்தார். எழுதினேன்.
தர்பங்கா. ஐந்நூற்றி ஒன்று.

அந்த ஒன்று.
பேங்கில் பாக்கி சுழியமானால்
வாழ்த்துக் கடிதம் அனுப்புவோம், அதோடு சரி,
அந்த ஆளை யாரென்று எங்களுக்குத் தெரியாது.
இங்கே சுழியமாகக் கூடாது.
ஐந்நூறு வந்த வீட்டுக்கு எழுநூறு போக வேண்டும்,
எழுநூறு ஆயிரமாகத் திரும்ப வேண்டும்,
எந்நேரமும் யாராவது யாருக்காவது
கொஞ்சம் கடன்பட்டிருக்க வேண்டும்.
இது வட்டியா, அன்பா?
பணம் வாங்கிப் பெட்டியில் போடுகிற
மந்திரமூர்த்தி அண்ணாச்சியைக் கேட்டேன்.
"பந்தி ஆறுது, அடுத்தாளக் கூப்பிடு."

மதியத்துக்குள் நூற்றெழுபது பேர்.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
மேசைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் சேலை.
நோட்டில் இருந்ததெல்லாம் வேட்டி.

தங்கபுஷ்பம் அக்கா வந்தாள், லேபர் கேம்ப்.
இட்லி விற்கிற கை, விரல் நுனியெல்லாம் சூட்டுத் தழும்பு.
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீவி வைத்து,
நாணயத்தை அதன்மேல் வைத்து,
"எம்பெருமாள்னு எழுது" என்றாள்.

எம்பெருமாள் வசாய்க்குப் போய்ப் பதினோரு வருஷம்.
அங்கே வேறு வீடு, வேறு பிள்ளைகள்,
தெரியாதவர் யாருமில்லை.
பதினோரு வருஷமும் தாராவியில் அவர்
ஒரு கல்யாணம் தவறவில்லை,
மொய் நோட்டுகளில்.

"அக்கா, உங்க பேரைப் போடவா?"

அண்ணாச்சி என் பேனாவைப் பார்த்தார்.
"பேர மாத்துனா நாளைக்கு யாரு தேடிக் கண்டுபிடிக்க?
இவ மக கல்யாணத்துக்கு எல்லாரும்
எம்பெருமாளத்தான் புரட்டுவாங்க."

அது சரிதான்.
அவளும் அதையேதான் யோசித்தாள், நாணயத்தைத் தொட்டபடி.
அவள் ஊற்றிய இட்லியெல்லாம்
அந்தப் பெயருக்குக் கீழேதான் சேர்ந்து கிடக்கிறது.
பின்னால் வரிசை முனகியது.
"ரெண்டையும் போடு" என்றாள்.
"என்னத மொதல்ல."

கட்டம் சின்னது.
அவளை எழுதினேன்.
அவரை அடைப்புக்குறிக்குள் வைத்தேன்.

அடுத்து நின்றவள் அதைத் தலைகீழாக வாசித்துவிட்டு
"கோமதி" என்றாள்.
அதற்கடுத்தவள் புருஷன் பெயரைத்தான் சொன்னாள்,
கொஞ்சம் உரக்கவே.

ராத்திரி எண்ணியபோது ஒரு ரூபாய் குறைந்தது.
என் பர்ஸைத் திறந்தேன்.
அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டார்.
"உன் ஒண்ணு வேற. அது யாரோட ஒண்ணோ."

நாலு பேர் செல்போன் வெளிச்சத்தோடு
மேசைக்கடியில் தவழ்ந்தோம்.
நசுங்கிய மல்லிகை, காலி கவர்கள்,
யாரோ குழந்தையின் ஒற்றைச் செருப்பு.
மண்டபக்காரன் சுவிட்சில் கை வைத்துக் காத்திருந்தான்.

சந்தனக் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்தது.
அண்ணாச்சி அதைத் துடைக்கவில்லை.
சந்தனத்தோடே பெட்டியில் போட்டுப் பூட்டினார்.