பதினோரு வறட்டி

எங்கள் தீவில் மரம் குறைவு.
ஆகவே ஆட்டை
ஆட்டின் சாணியில்தான் புகையிடுகிறோம்.

சிரிக்கலாம்.
ரெய்க்யாவிக்கிலிருந்து வரும் என் நாத்தியும் சிரிப்பாள்,
பிறகு மூன்றாம் துண்டுக்குத் தட்டை நீட்டுவாள்.

குளிர்காலம் முழுக்கக் கொட்டிலுக்குள்
வைக்கோலையும் புழுக்கையையும் மூத்திரத்தையும்
அவையே மிதித்து மிதித்துத் தரையாக்கிவிடும்.
பனி உருகியதும் மண்வெட்டியால் சதுரமாகப் பெயர்த்து
ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துக் காயவைப்போம்.
கோடையில் தின்ற புல்
இலையுதிர்காலத்தில் புகையாகி
உத்தரத்தில் தொங்கும் தொடைகளைத் தேடிப் போகும்.
எரியக் கூடாது, கனலவேண்டும்.
நெருப்பு நாக்கை நீட்டினால்
ஈரச் சாணியால் வாயைப் பொத்து.
இவ்வளவுதான் வித்தை.

அந்த மார்ச்சில்
ஃப்லெக்கா தூணில் முதுகைத் தேய்த்தாள்.
மறுநாளும் தேய்த்தாள்.
கம்பளி உதிர்ந்து தோல் சிவந்த பிறகும் தேய்த்தாள்.
"பேனாக இருக்கும்" என்றான் எய்விந்துர்.
பேன் இல்லை என்று அவனுக்கும் தெரியும்.
சோதனைச்சாலைக் கடிதத்தில் எண்ணிக்கை மட்டும் இருந்தது,
இருநூற்றுப் பதினேழு.
எங்களிடம் பெயர்கள் இருந்தன.

தின்னக் கூடாது, உரிக்கக் கூடாது.
லாரிகள் போன பின்
கொட்டிலைக் குளோரின் விட்டுக் கழுவினோம்.
கம்பளி சிக்கிய தூண்களை அறுத்து எரித்தோம்.
காய்ந்து அடுக்கியிருந்த வறட்டியைக்கூட
குழி வெட்டிப் புதைத்தோம்,
அதற்கும் ஒரு படிவம், அதிலும் என் கையெழுத்து:
ஸ்டெய்ன்வோர், உரிமையாளர்.

இரண்டு வருடம்.
எய்விந்துர் மீன் ஆலைக்குப் போனான்,
போர்வையில் காட் மீன் வாசம் ஏறியது.
நான் சில மாலைகளில் புகைக்குடிலுக்குள் போய்
கதவைச் சாத்திக்கொண்டு நிற்பேன்.
அங்கே வேலை எதுவும் இல்லை.
கொக்கியைத் தொட்ட விரலை மோந்து பார்ப்பேன்.
பிறகு உருளைக்கிழங்கு அவிக்க வந்துவிடுவேன்.

ஆர்ன்கிரீமுர் பக்கத்துப் பண்ணைக்காரன்.
எங்களுக்கு நோய் வந்ததிலிருந்து
எங்கள் வாசல் வழியை விட்டு
எட்டுக் கிலோமீட்டர் சுற்றிப் போனான்.
பூட்ஸில் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்.
நியாயமான பயம்.
நானும் சுற்றித்தான் போயிருப்பேன்.
போயிருப்பேன் என்பதாலேயே
அவனை மன்னிக்க வரவில்லை.

மூன்றாம் செப்டம்பரில்
மேற்கிலிருந்து அறுபது குட்டிகள் வந்தன.
ஒன்று லாரியிலேயே கால் ஒடிந்து வந்தது.
பெயர் வைக்கும் முன் அறுத்தோம்.
தொடைகள் உப்புநீரில் ஊறிக்கொண்டிருந்தபோதுதான்
உறைத்தது:
புதுத் தரை பளபளக்கிறது.
ஒரு கைப்பிடிப் புழுக்கை, அதுவும் பச்சை.
ஐம்பத்து நான்கு வயதில்
முதன்முறையாக
சாணிக்குப் பஞ்சம் வந்த வீட்டில் நின்றேன்.

காய்ச்சிய பாலைப் போல
இந்தப் பள்ளத்தாக்கில் செய்தி பொங்கி வழியும்.
ஒரு விடியலில் வாசல் கம்பிக் கதவருகே
பதினோரு வறட்டி,
இடையில் காற்று புகும்படி குறுக்கும் நெடுக்குமாக.
டிராக்டர் தடம் கதவு வரை வந்து
அங்கேயே திரும்பியிருந்தது.
துண்டுச்சீட்டு ஒன்றுமில்லை.

(விதிப்படி சாணி
பண்ணை விட்டுப் பண்ணை போகக் கூடாது.
ஆய்வாளர் படித்தால்,
ஐயா, இது வெறும் கவிதை.)

அவன் ஆடுகள் கரையில் கடற்பாசி மேய்பவை.
புகையிலேயே அது தெரிந்தது,
தொண்டையில் லேசாகக் கடல் கரித்தது.
கிறிஸ்துமஸ் இரவு
வெள்ளைச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கோடு
ஆறிய துண்டுகளைப் பரிமாறினேன்.
எய்விந்துர் வெகுநேரம் மென்றான்.
"நம் வீட்டு ருசி இல்லை" என்றான்.
இன்னொன்று எடுத்துக்கொண்டான்.

பாதித் தொடையைத் துணியில் சுற்றி
ஆர்ன்கிரீமுரின் கதவில் மாட்டிவிட்டு வர நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே
தின்று தீர்த்துவிட்டோம்.

ஒன்பது எரிந்தது போக
புகைக்குடில் மூலையில் இரண்டு வறட்டி மிச்சம்.
திருப்பிக் கொடுப்பதா,
வைத்துக்கொள்வதா?
கதவைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.