மூன்றாவது இலை

கரண்ட் போன மத்தியானம்தான்
மெஷினைத் திறந்து பார்க்கத் தோதான நேரம்.
மோட்டார் ஓடும்போது உள்ளே எல்லாமே
ஒரு நடுக்கம், அவ்வளவுதான்.
நல்லம்பள்ளி சர்வீஸ் ரோட்டில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
செல்போன் டார்ச்சை நூல்கண்டில் சாய்த்து வைத்து
கைச்சக்கரத்தை என் பக்கமாக
மெல்லச் சுற்றுகிறேன்.

கறுப்பு நைலானில் ஒரு கேம் தட்டு.
வடை அளவு இருக்கும்.
எலி கடித்த தேங்காய்ச் சில்லைப் போல
ஓரமெல்லாம் மேடும் பள்ளமும்.
அந்த ஓரத்தைத் தொட்டபடி ஓர் இரும்பு விரல்.
விலகிவிடாமல் ஸ்பிரிங் பிடித்து இழுக்கிறது.
மேடு வந்தால் ஊசி இடப்பக்கம்,
பள்ளம் வந்தால் வலப்பக்கம்,
நடுத்தரமாக வந்தால் நடுவில்.
கீழே பல்வரிசை துணியைத் தள்ளிக்கொண்டே போக
இதுதான் இலையாகிறது, கொடியாகிறது.

தொப்பூர்க் கணவாயில் மலை நிற்கும்,
லாரிதான் வளையும்.
இங்கே சுற்றுவது மலை.
விரல் நின்ற இடத்திலேயே ஏறி இறங்குகிறது.
அதற்கு இலை தெரியாது.
இந்த நொடி தன் அடியில் இருக்கிற
கடுகளவு விளிம்பு தெரியும்.

ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும்
கொஞ்சம் சமதளம் விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள்.
ஊசி துணிக்குள் இருக்கிறவரை
விரல் அதில் அசையாமல் நிற்கிறது.
வெளியே வந்தபிறகுதான்,
காற்றில்தான் பக்கம் மாறுகிறது.
குத்தியபடியே நகர்ந்தால் ஊசி ஒடியும்.
நேற்று ராத்திரி சென்றாயனிடம்
நான் அப்படித்தான் பேசினேன்.
லோடு ஏற்றிக்கொண்டு போனவன்
இன்னும் போனை எடுக்கவில்லை.

மாதம்மாள் டோல்கேட் பூத்தில் உட்காருகிறவள்.
போன மாசம் அவளுடைய பச்சைத் துப்பட்டாவுக்கு
ஓரம் அடித்துக் கொடுத்தேன்.
தட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று இலை.
மூன்றாவதற்கு முனை இல்லை.
எனக்கு அப்போதே தெரியும்.
அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
காசு மட்டும் பத்து ரூபாய் குறைத்து வாங்கினேன்.

பிறகு மனசு கேட்காமல் பிரித்துப் பார்த்தேன்.
மூன்றாவது மேட்டில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.
எம்சீல் உருட்டி அடைத்து
ராத்திரி காயவிட்டு
காலையில் அரத்தால் தேய்த்தேன்.
ஓட்டினால் எல்லா இலையும் ஒரே அச்சு.
எனக்கு நானே டீ சொல்லிக்கொண்டேன்.

முந்தாநாள் தங்கச்சி துப்பட்டாவோடு வந்தாள்.
தைத்ததை வாங்கி
கண்ணால் பார்க்கவில்லை, கட்டைவிரலால் தடவினாள்.
'இது அது இல்லக்கா.'
நல்லாத்தானே இருக்கு என்றேன்.
'ராத்திரி ரெண்டு மணிக்கு மேல
வண்டி வராது, தூக்கம் வரும்.
துப்பட்டா ஓரத்தத் தடவிக்கிட்டே இருப்பேன்.
இலை, இலை, மொண்ணை.
இலை, இலை, மொண்ணை.
மொண்ணை தட்டுப்பட்டா
நான் முழிச்சிருக்கேன்னு அர்த்தம்.
அவளுக்கும் அடுத்த வாரம் அதே பூத்துல வேலை.'

அதனால்தான் இந்த அரம்.
ஒழுங்குக்கு அளவு இருக்கிறது, பக்கத்து மேட்டைப் பார்த்தால் போதும்.
உடைந்தது எவ்வளவு என்று
நான் எங்கேயும் குறித்து வைக்கவில்லை.
கொஞ்சம் தேய்க்கிறேன்,
நூல் கோக்காமல் காலண்டர் தாளில்
இருபத்துநாலு குத்துக் குத்துகிறேன்.
பச்சைத் துப்பட்டாவை மேலே விரித்து
வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறேன்.
இன்னும் கூர்.
இன்னும் ஒரு இழுப்பு.
ஆகஸ்ட் மாசம் முழுக்க ஓட்டை.

ஃபேன் கரகரத்தது. டியூப்லைட் இரண்டு தடவை கண்ணடித்தது.
கரண்ட் வந்தும் நான் பெடலை மிதிக்கவில்லை.
நூல்கண்டில் சாய்ந்திருந்த போன்
அதிர்ந்து சரிந்து, வெளிச்சம் கூரைக்குப் போனது.
சென்றாயன்.

ஊசி தாளுக்குள் இருந்தது.
சக்கரத்தை அரைச்சுற்றுத் தள்ளினேன்,
ஊசி முழுசாக மேலே வந்தது.
எடுத்தேன்.