கரடியின் பங்கு

திரியாய்க் காட்டில் பாலை பழுத்து
ஆடியும் பாதி போயிற்று.
மரத்தைச் சாய்த்தால் பத்து வாளி என்கிறான்
திருமலைச் சந்தையிலிருந்து வந்த வான்காரன்.
போன வருசம் சாய்த்த மரம்
இந்த வருசமும் சாய்ந்துதான் கிடக்கிறது.

என்னிடம் கொக்கத்தடி, கீழே விரிக்க உரச்சாக்கு.
எட்டுகிற கொப்பை மட்டும் உலுப்புவேன்.
உச்சிக் கொப்பு கரடிக்கு.
அது தின்று கழித்த கொட்டைதான்
ஓடைக்கரையில் சாண் உயரம் நிற்கிறது.

இரண்டரை வாளி.
சுண்டு நூற்றைம்பது.
வெள்ளிக்கிழமை லோன் தவணைக்கு
இன்னும் அறுநூறு குறைகிறது.

பால் ஒட்டிய விரலால் எண்ணி,
திரும்பவும் எண்ணி,
அண்ணாந்து பார்த்தேன்.
உச்சியெல்லாம் மஞ்சள்.

"கரடியாரே,
ஒரு கொப்புக் கைமாற்றாய்த் தருவீரோ?
வாற ஆடியில் தந்துவிடுகிறேன்."

வீரைப் பற்றைக்குள் ஏதோ உறுமியது.
வட்டி கேட்கிறதென்று நினைத்து
வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.