எட்டாம் நாள்

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில்,
ரெஜிலாவின் டைப்பிங் கடையில்
நானூற்றிப் பன்னிரண்டாம் பக்கம்
சூடாக வெளியே வந்ததும் கரண்டு போனது.
"முடிஞ்சாக்கா?" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து.
முடிந்தது என்று சொல்ல
எனக்கு இன்னொரு வாய் வேண்டியிருந்தது.

பதினோரு வருஷம்.
கருவூலத்தில் ஈட்டிய விடுப்பெல்லாம்
திருவனந்தபுரம் வண்டியில் தீர்ந்தது.
ராத்திரி கஞ்சிக்கு உட்காரும்போது ஜெஸ்டஸ் கேட்பார்:
"உனக்க ஆளு செத்தாச்சா?"
இல்ல, இப்பதான் குலசேகரத்தில காய்ச்சல்.
"சட்டுன்னு கொல்லு. கஞ்சி ஆறுது."

ஞானாபரணம். அம்மை குத்துகிறவர்.
கொல்லம் ஆயிரத்து முப்பத்தாறு முதல் ஐம்பத்தொன்பது வரை
ஆரல்வாய்மொழிக்கும் களியக்காவிளைக்கும் நடுவே
நடந்து தேய்ந்த இரண்டு கால்கள்,
ஒரு குடை, ஓர் ஊசிப்பெட்டி,
மூன்று மாதம் பிந்தி வரும் பன்னிரண்டு பணம்.
ஓர் ஊரில் காலையில் கல்லெறிந்தார்கள்,
சாயங்காலம் இளநீர் வெட்டினார்கள்.
ஊர்ப்பெயர் சொல்ல மாட்டேன்,
என் நாத்தனார் அங்கேதான் இருக்கிறாள்.
அந்த அதிகாரத்தை ஒன்பது தடவை எழுதினேன்.

அவர் எப்போது இறந்தார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.
சம்பளப் பட்டியலில், ஒரு கர்க்கடகத்தில்,
பெயருக்கு நேரே ஒரு கோடு.
கோட்டை மரணம் என்று படிக்க எனக்கு மனசில்லை.
கோபமாக இருக்கலாம். கொழும்புக் கப்பலாக இருக்கலாம்.
அதனால் கடைசிப் பத்தியில் அவரைப்
பழையாற்றில் இறக்கிவிட்டேன்,
முட்டளவு தண்ணீர், ஊசிப்பெட்டி தலைமேல்.
"அப்ப ஆத்தில விட்டிட்டு வந்திட்ட" என்றார் ஜெஸ்டஸ்.
கரையேறினாரா என்று அவரும் கேட்கவில்லை.

கட்டு இப்போது அரிசி டின்மேல் இருக்கிறது.
கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.
பழைய டைரியின் பின்பக்கத்தில்
மணவாளக்குறிச்சி மணல் என்று எழுதிப் பார்த்தேன்,
பக்கத்தில் 'வக்கீல்?' என்றும் எழுதினேன்.
சக்கரம் செல்லாமல் போன வாரத்தில்
ஒரு மளிகைக்கடையின் கல்லாப்பெட்டி.
அதற்குக் கீழே ஒரு நாவல்; அடித்துவிட்டேன்,
பொய் சொல்ல இன்னும் கை நடுங்குகிறது.

ஆனாலும் பக்கம் இருநூற்றேழு விடவில்லை,
அதன் அடிக்குறிப்பு விடவில்லை.
அன்று மருந்து குப்பியில் வரவில்லை.
ஒரு பிள்ளையின் கையில் குத்துவார்கள்,
எட்டாம் நாள் பொக்குளம் பழுக்கும்.
அந்தப் பிள்ளையையே அடுத்த ஊருக்கு நடத்திப்போய்
அந்தக் கையிலிருந்து எடுத்து மற்றக் கைகளில்.
செலவுக் கணக்கில் எழுதியிருக்கிறார்:
'கைப்பிள்ளை ஒன்று, வயது ஏழு,
திருவட்டாறு முதல் பொன்மனை வரை,
அரிசி நாழி ஒன்று, சக்கரம் இரண்டு.'

ஒன்று.
ஆணா பெண்ணா என்று இல்லை.
யார் திரும்பக் கொண்டு விட்டார்கள் என்று இல்லை.
இருபத்துமூன்று வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் ஒன்றுகள்,
நானே எண்ணி, நானே கூட்டி,
எட்டுப் பாயிண்ட் எழுத்தில் கீழே தள்ளியிருக்கிறேன்.
அவருக்குக் குடையின் நிறம் வரைக்கும் தேடினேன்.

என் இடது தோளுக்குக் கீழேயும்
ஒரு பழைய காசளவு தழும்பு உண்டு.
குளிக்கும்போது இந்த வாரம் இரண்டு தடவை அதைப் பார்த்தேன்.
பெயரில்லாத ஓர் ஆளுக்கு எந்த வருஷத்தில் தொடங்குவது,
எந்தப் பக்கத்தில் சாகடிப்பது?

இன்று ஞாயிறு. ரெஜிலா அச்செடுத்து எட்டாவது நாள்.
வேளிமலையில் மழை கட்டி நிற்கிறது.
கட்டைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு
டின்னைத் திறந்து மத்தியானத்துக்கு அரிசி அளந்தேன்.
பிறகு, ஸ்கூட்டரை எடுங்க என்றேன்.
"எங்க?"
திருவட்டாறிலிருந்து பொன்மனைக்கு
ஏழு வயசுக் கால் எவ்வளவு நேரம் நடக்கும், பாக்கணும்.

ஜெஸ்டஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றார்.
"அப்ப ஸ்கூட்டர் என்னத்துக்கு?"