மூலை

பால்டிமோருக்கு வடக்கே, வெள்ளிக்கிழமை.
இரவல் ரப்பர் பூட்ஸ், இடதுகால் பெரிசு.
கேல் கீரையைக் கடைசிச் செடிவரை
அறுத்துக்கொண்டே போனேன்.
"அங்கே நிறுத்து" என்றாள் நெகாமா.
"வயலின் மூலை நம்முடையதில்லை.
இல்லாதவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.
யாரென்று கேட்பதில்லை."

மதியம், வேலியை நெம்பி வந்த பிஸ்தா என்கிற ஆடு
மூலையை மொட்டையடித்துவிட்டது.

பள்ளிப் பிள்ளைகள் வைக்கோல்மேல் உட்கார்ந்து வழக்காடினார்கள்:
ஆடு ஏழையா? அதற்கென்று நிலம் உண்டா?
கேட்காமல் தின்றது திருட்டா, உரிமையா?
ஷ்மூவில் என்ற பொடியன் ஆட்டின் கட்சி.
தீர்ப்பு வருவதற்குள் வெயில் இறங்கிவிட்டது.
கத்திகளைக் கழுவி மாட்டினார்கள்;
ஓய்வுநாள் வந்துகொண்டிருந்தது.

கிளம்பும்போது பார்த்தேன்:
நெகாமா தன் கூடையிலிருந்து
கீரைக்கட்டு ஒன்றை எடுத்து
அந்த மூலையில் வைத்தாள்.
மேலே ஒரு கல்,
காற்றுக்காக.