விடுபட்ட மெய்

பலகை லான்சிங்கிலிருந்து வந்தது
அட்டைப்பெட்டியில், நான்கு போல்ட்டுகளோடு.
மான் வேட்டை தொடங்கிய வாரம்.
சாலைத் துறைக் கொட்டகையில்
நானும் டுவேனும் மட்டும்.

பச்சைத் தகடு, வெள்ளை எழுத்து:
சார்ஜென்ட் வெஸ்லி ஹகலா நினைவுப் பாலம்.

டுவேன் இரண்டு தரம் படித்தான்.
மூன்றாம் தரம் விரல் வைத்துப் படித்தான்.
"ஹக்கலா இல்லையா அவன்?"

விடுபட்டிருந்தது ஒரு மெய்.
உயிரெழுத்தெல்லாம்
அதனதன் இடத்தில் சரியாகவே இருந்தன.

புதுசு வர ஆறு வாரம் ஆகும்.
விழாவோ சனிக்கிழமை.
யார் போய்ச் சொல்வது என்று
நாணயம் சுண்டினோம். நான் தோற்றேன்.

மார்லிஸ் பள்ளிப் பேருந்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.
ஒற்றைக் கையுறை, உடைந்த கிரேயான்கள்,
யாரோ தின்னாமல் விட்ட பாதி ஆப்பிள்.
நான் சொல்லி முடிக்கும் வரை
துடைப்பத்தை நிறுத்தவில்லை அவள்.
பிறகு சிரித்தாள்.
அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பன்னிரண்டு வருஷமும் ரெஜிஸ்டரில்
அப்படித்தானே எழுதினார்கள்.
ஒருநாளும் திருத்தமாட்டான்.
தப்பான பெயருக்கும்
உள்ளேன் என்பான், அவ்வளவுதான்."

கடைசி இருக்கைக்கு அடியில் குனிந்தாள்.
"இங்கே ஒட்டிய சூயிங்கம் அவனுடையது.
சுரண்டச் சொல்லி
வருஷா வருஷம் ஆய்வாளர் எழுதிவிட்டுப் போகிறார்."
அப்புறம், என்னைப் பார்க்காமல்:
"பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள்.
பெயரை நம்பித்தான் வாங்கிக்கொண்டேன்.
இதையும் அப்படியே மாட்டு."

மாட்டினோம்.

சனிக்கிழமை பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்பது.
ட்ரம்பெட் பையன் ஊதும் முனையைக்
கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தான்;
என்ன செய்தும் நாலாவது சுரம் உடைந்தது.
மாவட்ட ஆணையர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார்:
பயம் என்றால் என்னவென்றே அறியாத வீரன்.

எனக்குத் தெரியும்.
இதே பாலத்தின் இதே கம்பியில்
பதினைந்து வயதில் கால் நடுங்க நின்றவன் அவன்.
கோடை முழுக்க நாங்களெல்லாம் குதித்தோம்.
"தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்கு" என்பான்.
எல்லோருடைய செருப்பையும் வாரிக்கொண்டு
கரை வழியே சுற்றி இறங்கி
நாங்கள் கரையேறும் இடத்துக்கு
எங்களுக்கு முன்னால் வந்து நிற்பான்.

குனார் மலையில்
முன்னால் போய் நின்றதும் அப்படித்தானாம்.
கூட இருந்தவன் ஒருவன், ஒஹையோக்காரன்,
மண்டபத்தில் காபிக் கோப்பையைச் சுழற்றியபடியே சொன்னான்.
பாதியில் எழுந்து புகைபிடிக்கப் போனான்.
திரும்பி வந்தபோது
மீன்பிடிப்பதைப் பற்றிப் பேசினான்.

பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பார்கள்.
பிள்ளையின் பேரைத்
தகரம் சொல்கிறது இந்த ஊரில்,
அதுவும் கொன்னையாக.

இப்போது ஜனவரி.
நாலரை மணிக்கே எழுந்து பனி தள்ளுகிறேன்.
என் வண்டி வீசும் பனியே பலகையை மூடிவிடுகிறது.
பாலம் தாண்டி நிறுத்தி
நடந்து திரும்பி வந்து கையுறையால் துடைக்கிறேன்.
சம்பளச் சீட்டில் இதற்குத் தலைப்பு இல்லை.

ஏழு பத்துக்கு மஞ்சள் பேருந்து வரும்.
பாலத்தில் எல்லோரும் வேகம் குறைப்பார்கள், வழுக்கும்.
மார்லிஸ் குறைப்பது
வழுக்காத நாளிலும்.
போன வாரம் முன்சீட்டுப் பொடியன் ஒருவன்
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டானாம்,
யார் இந்த ஹகலா என்று.
"உன் பஸ்ஸில் வந்தவன்தான்" என்றாளாம்.

டுவேன் இன்னும் கேட்கிறான்,
லான்சிங்குக்கு எழுதிப் போடட்டுமா என்று.

வெஸ்லி எனக்கு நாற்பது டாலர் தர வேண்டும்.
அதையும் யாருக்கும்
எழுதிப் போடவில்லை நான்.